வரிசை எண் ஒன்று

1

போன வாரம் என் மகள் கயல் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான் கிடங்கில் காலை ஷிப்ட் முடித்து வந்து, முதல் நாள் சாம்பாரைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊர் பெரிய ஊரும் இல்லை, பட்டிக்காடும் இல்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு நீச்சல் குளம் உண்டு. செலவு கட்டுப்படியாகவில்லை, மூடப்போகிறோம் என்று நகராட்சி அறிவித்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து மூடக் கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். சனிக்கிழமை காலை ஊர்வலமாகப் போய் நகராட்சி வாசலில் மனுவைக் கொடுப்பதாகத் திட்டம்.

காகிதத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. வரிசை எண், பெயர், முகவரி, கையெழுத்து. இரண்டாவது வரியில் அவளுடைய தோழியின் அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். முதல் வரி காலியாக இருந்தது.

"மொதல் லைன் உங்களுக்குப்பா. நான் விட்டு வெச்சிருக்கேன்," என்றாள்.

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். முடியாது என்றால் முடியாதுதான் என்று குரலை உயர்த்தினேன். சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. என் சத்தத்துக்குப் பயப்படுகிற வயதைத் தாண்டிவிட்டாள்.

"வெறும் பேர்தானேப்பா," என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

அன்றிலிருந்து என்னோடு ஜெர்மனில்தான் பேசுகிறாள். கோபம் வந்தால் அந்த மொழிக்குப் போய்விடுவது அவள் வழக்கம். அதில் நான் வினைச்சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் பேச்சை முடித்துக் கதவைச் சாத்தியிருப்பாள். வெறும் பேர் என்றால் என்ன என்று அவளுக்குத் தமிழில்கூட என்னால் விளக்க முடியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நான் பிறந்த ஊரின் பெயர், அந்த அலுவலகம், அந்தப் போலீஸ் ஸ்டேஷன் எதையும் சொல்லப்போவதில்லை. என் பெயரையும் விட்டுவிடுகிறேன். பயம்தான், வேறென்ன.

2

ஊர் தாமிரபரணிக் கரையில், கல்லிடைக்குறிச்சிக்குக் கொஞ்சம் கீழே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பத்திர ஆபீஸ் வாசலில் ஓர் ஆவண எழுத்தரிடம் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கிரையம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். யாரைப் பார்த்தாலும் இன்னார் மகன், வயது இத்தனை, இன்ன தெரு, இன்ன கதவு எண் என்றுதான் மனதில் ஓடும். ஓர் எழுத்து பிசகினால் ஒருவன் காணியே கைமாறிப் போகும் என்று முதலாளி பயமுறுத்தி வைத்திருந்தார்.

ஆற்றுக்குள் எங்கள் ஊர்க் குடிநீர்க் கிணறு. அதற்கு ஒரு கூப்பிடு தூரம் மேலே புதிதாக ஒரு புழுங்கலரிசி மில் வந்தது. நெல் ஊறவைத்த தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். வாய்க்கால் ஆற்றில் விழுந்தது. அதன்பிறகு குழாயைத் திறந்தால் ஊசிப்போன கஞ்சி நாற்றம். தெருவில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம். கயலுக்கு அப்போது ஒரு வயது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தினார்கள். அவள் அழக்கூடத் தெம்பில்லாமல் என் மடியில் கிடந்தாள்.

தனித்தனியாக எழுதிப் போட்ட கார்டுக்கெல்லாம் பதில் இல்லை. ஊரே சேர்ந்து, மாவட்ட அதிகாரிகள் மனு வாங்கும் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போவது என்று பீர் முகமதுவின் சைக்கிள் கடையில் பேசி முடிவானது. பீர் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். எதையும் பைய யோசித்து, பைய பேசுவான். மனுவை நீதான் எழுத வேண்டும் என்று என்னிடம் சொன்னான்.

எழுதினேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல ஆவணம் எழுதியதில்லை. மனு ஒரு பக்கம்தான், அதோடு இணைத்த பெயர்ப் பட்டியல் நாலு பக்கம். வெறுமனே கிறுக்கி வைத்தால் மதிக்க மாட்டார்கள் என்று பத்திரத்துக்கு எழுதுவதுபோலவே எழுதினேன். தகப்பன் பெயர், வயது, தொழில், கதவு எண், செல்போன் நம்பர். நாற்பத்து மூன்று பேர். யாராவது இனிஷியலோடு நிறுத்தினால் முழுப் பெயரைக் கேட்டு வாங்கினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் என் கையெழுத்தால் கெட்டோம்.

பட்டியலின் முதல் வரி காலியாக இருந்தது. எங்கள் பக்கம் கூட்டு மனுவில் முதல் பெயர் போட யாரும் லேசில் முன்வர மாட்டார்கள். அதனால் அதற்கு ஒரு முறை உண்டு. பீர் அதைத்தான் சொன்னான்.

"எழுதுனவன் பேருதாம்லே மொதல்ல வரணும். நீ போடு."

எல்லாரும் போட்டு முடிக்கட்டும், கடைசியில் போடுகிறேன் என்றேன். அந்த வாரம்தான் வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். போலீஸ் விசாரணை இன்னும் வரவில்லை. அதை நான் பீரிடம் சொல்லவில்லை. அவன் பதினேழாவது வரியில் வீட்டு விலாசத்தோடு தன் பெயரைப் போட்டுவிட்டு, பங்க்சர் ஒட்டப் போய்விட்டான்.

3

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் படிவம் இரண்டு மாதமாக என் அலமாரியில் கிடக்கிறது. என் மனைவி வள்ளி நர்ஸ். அவளுக்குக் கிடைத்த வேலையை வைத்துத்தான் நாங்கள் வளைகுடாவிலிருந்து இங்கே வந்தோம். இந்த நாட்டில் குப்பைத் தொட்டி மாற்றவும் படிவம், தபால் பெட்டியில் பெயர் ஒட்டவும் படிவம். பத்திரம் எழுதியவனுக்கு இதெல்லாம் அத்துப்படி என்று வள்ளி கேலி செய்வாள். இந்தப் படிவத்தில் மட்டும் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். உங்கள்மீது இந்த நாட்டிலோ வெளிநாட்டிலோ வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

நியாயப்படி 'இல்லை'யில் குறியிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். என்மீது எந்த வழக்கும் இல்லை.

சில சந்தேகங்களைக் கேட்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது, பிள்ளைகளின் ஊர்வலத்தைப் பற்றியும் அங்கிருந்த பெண்மணியிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். அதற்கு அனுமதி கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். என் ஜெர்மன் சரியில்லையோ என்று மறுபடியும் கேட்டேன். பிறகுதான் அவர் சொன்னார், அனுமதி என்று ஒன்று கிடையாதாம், முன்கூட்டியே தெரிவித்தால் போதுமாம். தோழியின் அம்மா தெரிவித்துவிட்டாராம். கூட இரண்டு போலீஸ்காரர்கள் வருவார்கள் என்றார். எதற்குப் போலீஸ் என்று கேட்டேன். பிள்ளைகள் ரோட்டைக் கடக்க வேண்டுமே, வண்டிகளை யார் நிறுத்துவது என்றார்.

இங்கே எல்லாம் தங்கமாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. இங்கேயும் வேறு கூட்டங்களில் தடியடி நடப்பதை டிவியில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்மணி என் கேள்வி புரியாமல் முழித்தாரே, அது எனக்குப் பொறாமையாக இருந்தது.

4

அந்தத் திங்கட்கிழமை எல்லாரும் கல்யாணத்துக்குப் போவதுபோல வெள்ளையும் சொள்ளையுமாகக் கிளம்பினோம். பெண்கள் புளிச்சாதம் கட்டிக்கொண்டார்கள். மாவட்டத் தலைநகரில் வண்ணார்பேட்டையில் இறங்கி, பஸ் இரைச்சலுக்குள் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டு நடந்தோம். கோஷம் போடக் கூடாது, ரோட்டில் உட்காரக் கூடாது என்று பீர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான். ஒரு புட்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தான், அதிகாரியிடம் மோந்து பார்க்கக் கொடுக்க.

மனு வாங்கும் அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. மனுவை மூன்று நகல் எடுத்து பீர் கையில் கொடுத்தேன். நீங்கள் போங்கள், மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"சரிலே. நீ பைய வா," என்றான்.

வாசலில் ஐந்து பேர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். பீரும் நாலு பேரும் போனார்கள். மற்றவர்கள் மதில் ஓரம் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுதான் குற்றம். கலைந்து போகச் சொல்லி ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். மனு கொடுக்கப் போனவர்கள் வந்ததும் போய்விடுகிறோம் என்று இவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு வேன் வந்தது. பிள்ளைகளை வைத்திருந்த பெண்களை முதலில் ஏற்றினார்கள். மனு கொடுத்த ரசீதைக் கையில் பிடித்தபடி வெளியே வந்த பீரையும் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன்னால் அவன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினான்.

இருபது அடி ரோடு. நான் கடக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் என்ன அண்ணாச்சி, உங்க ஆளுகளா என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்றேன்.

அவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, மத்தியானம் சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். நம் ஊரில் போராட்டக்காரர்களை மண்டபத்தில் வைத்து விடுவது புதிதல்ல. எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார்கள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவில்லை, ஒருவர் பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை என்று அவர்களுக்கு நிம்மதி.

எழுத வேண்டிய அவசியமே இல்லை. பட்டியல்தான் உள்ளே போய்விட்டதே. சட்டவிரோதமாகக் கூடியதாகவும் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததாகவும் நாற்பத்து மூன்று பேருக்கும் சம்மன் வந்தது. தகப்பன் பெயர், கதவு எண் ஒன்றுகூடப் பிசகவில்லை. "யாரு எழுதுன லிஸ்ட்டோ, எங்களுக்கு வேலையே வைக்கல," என்று கோர்ட்டு ஏட்டு ஒருவர் பீரிடமே பாராட்டினாராம்.

நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். பட்டியலில் எத்தனாவது வரியோ அத்தனாவது எதிரி. முதல் எதிரி யார் என்று பார்த்தேன். காஜா மைதீன் மகன் பீர் முகமது, சைக்கிள் கடை விலாசம். பதினேழாவது எதிரியும் காஜா மைதீன் மகன் பீர் முகமதுதான், வீட்டு விலாசம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். மனு வாங்கும் இடத்தில், முதல் வரி காலியாக இருக்கிறது, மனுதாரர் பெயர் இல்லாமல் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். உடனே பேனாவை வாங்கி இவன் போட்டிருக்கிறான்.

"ஒரே விலாசத்த ரெண்டு எடத்துல போட்டா கள்ளக் கையெழுத்துன்னு நெனப்பாகல்லா. அதான் கடை விலாசத்தப் போட்டேன்," என்றான்.

அது என்னுடைய இடம் அல்லவா என்றேன். எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது.

"காலியா கெடந்துச்சு, போட்டேன். நீ போயி பாஸ்போர்ட்ட வாங்குத வழியப் பாரு," என்றான்.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

5

என் பாஸ்போர்ட் வந்தது. பீரின் மச்சான் வளைகுடாவில் அவனுக்கும் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். வழக்கு நிலுவையில் இருப்பதால் பீருக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. நான் போனேன், அவன் இருந்தான். வளைகுடாவில் நாலு பேர் சேர்ந்து நின்று குறை சொன்னாலே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று தொழிலாளர் கேம்ப்பில் பேச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ரோட்டைக் கடக்கச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை.

வழக்கு நடந்துகொண்டே இருந்தது. நீதிபதி மாறுவார், அரசு வக்கீல் வரமாட்டார், சாட்சிக்கு வேறு ஊருக்கு மாறுதல் ஆகியிருக்கும், வாய்தா விழும். நாற்பத்து மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்க வேண்டும். வேப்பமரத்தடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு போகிற காலத்திலும் வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்தாள். இரண்டு பீர் முகமதுவும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் சொன்னால், அடுத்த வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அவருக்கும் அலுத்துவிட்டது.

அதனால் பீர் இரண்டு தடவை பதில் சொன்னான். முதல் எதிரி என்று கூப்பிட்டால் ஐயா என்று சொல்லிவிட்டு, பின்னால் போய் நின்று, பதினேழுக்கு மறுபடியும் ஐயா என்பான். வாய்தா அன்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவான். "இன்னைக்கும் உனக்குஞ் சேத்து நானே ஐயா சொல்லிட்டேம்லே," என்று சிரிப்பான். நானும் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவேன். இப்படியே பன்னிரண்டு பதின்மூன்று வருடம் போனது.

மனுவுக்கும் ஒரு பதில் வந்தது. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு உரிய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது என்று. மில்காரர்கள் வாய்க்கால்மேல் சிமெண்டு பலகை போட்டு மூடினார்கள். தண்ணீர் இன்றும் ஆற்றில்தான் விழுகிறது.

போன வருடம் பீர் கடையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரி போகும் வழியில் போய்விட்டான். நான் ஊருக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

6

கயல் காகிதம் கொண்டுவந்த மறுநாள், நான் கிடங்குக்குப் போவதற்காக பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது பீரின் மனைவி ஜன்னத் போன் செய்தாள். அவன் இருக்கும்வரை என்னோடு நாலு வார்த்தைக்குமேல் பேசாதவள். இப்போது கடையை அவள்தான் ஓர் ஆளை வைத்து நடத்துகிறாள்.

"அண்ணே, கடைக்கு மறுபடியும் போலீசு வந்தாக. மொத எதிரி கோர்ட்டுக்கு வரல, வாரண்டு இருக்குன்னு சொல்லுதாக. அவுக மவுத்தாயிட்டாகன்னு சர்ட்டிபிகேட்டக் காமிச்சேன். அதுல வீட்டு விலாசம்லா இருக்கு, அது பதினேழாவது எதிரிக்கு, அவரு பேர அடிச்சாச்சு, மொத எதிரி எங்கன்னு கேக்காக."

மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையிலிருந்த கிழவர் எழுந்து, உட்காரச் சொல்லி இடம் கொடுத்தார்.

பட்டியலை எழுதியவரே, முதல் வரி எப்படிக் காலியாக இருந்தது, யார் போட்டது என்று ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் முடிக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதை அவள் திக்காமல் திணறாமல் சொன்னாள், பலமுறை சொல்லிப் பார்த்திருப்பாள் போல.

"அவுக இருக்கும்போது இத உங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாக. இப்ப அவுக இல்ல. நான் கேக்கேன்," என்றாள்.

அன்றே வக்கீலுக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. எழுதியவன் நான்தான் என்று ஒத்துக்கொண்டால், என்னையும் எதிரியாகச் சேர்க்கச் சொல்லி அரசுத் தரப்பு கேட்கலாம், கேட்காமலும் போகலாம், யோசித்துச் செய்யுங்கள் என்றார். சேர்த்துவிட்டால் என் குடியுரிமை அதோடு நிற்கும், என்னோடு சேர்த்து விண்ணப்பிக்கும் கயலுடையதும் நிற்கலாம். வள்ளியிடம் சொன்னேன். அவள் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நாலு நாள் ஆஸ்பத்திரியை நீ கயலிடம் சொல்லியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னதில்லை.

7

இதுவரை எழுதி வைத்துவிட்டு, சனிக்கிழமை காலை நானும் நகராட்சிப் பக்கம் போனேன். கயலுக்குத் தெரியாது. எதிர்ச் சாரியில் ஒரு ரொட்டிக் கடை வாசலில் நின்றேன். நிற்பதற்கு இடம் பார்ப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. நூறு பேருக்குமேல் வந்தார்கள். பிள்ளைகள் குளிருக்குக் கோட்டு போட்டு, அதற்குமேல் நீச்சல் கண்ணாடியை மாட்டியிருந்தார்கள். ஒரு போலீஸ்காரி ரோட்டின் நடுவில் நின்று, கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினாள். கயல் பட்டியலைச் சொருகிய அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து முன்னால் நடந்து வந்தாள். பீர் அந்த ரசீதைப் பிடித்திருந்ததுபோலவே இருந்தது.

ரோட்டைக் கடந்தேன். போலீஸ்காரி எனக்கும் சேர்த்தே வண்டிகளை நிறுத்தினாள்.

கயல் என்னைப் பார்த்ததும் அட்டையை நீட்டினாள். முதல் வரியில் யாரோ ஒரு ஜெர்மன்காரரின் பெயர் இருந்தது. எனக்குக் கடைசிப் பக்கத்தில் கடைசி வரிதான் மிச்சம். அதில் போட்டேன். கையெழுத்து கோணலாகிவிட்டது. ஏன் அழுகிறீர்கள் என்று அவள் ஜெர்மனில் கேட்டாள். வீட்டுக்கு வந்து பீர் மாமாவைப் பற்றியும், அவளுக்குக் காலில் ஊசி குத்தியதைப் பற்றியும், ஜெராக்ஸ் கடையைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மாமா உங்களத் திட்டவே இல்லையாப்பா?"

இல்லை என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. ஆனால் வெகுநேரம் என் பக்கம் வரவும் இல்லை.

வாக்குமூலத்தில் இந்தியத் தூதரகத்தின் முத்திரை வேண்டும். இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும், அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். குடியுரிமைப் படிவம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, இரண்டு கட்டங்களும் காலியாக. பீர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்திருந்தால், அவன் ஒரு தடவையோடு ஐயா சொல்லிவிட்டு வந்திருப்பான். ஒருவேளை வெளிநாட்டுக்கும் போயிருப்பான். அதற்கு இப்போது வழியில்லை. மிச்சம் இருப்பது ஒரு வரிதான்.

ஆரம்பத்தில் என் பெயரை விட்டுவிடுகிறேன் என்று எழுதினேன். அதை அடிக்கவில்லை, பத்திரத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. வாக்குமூலத்தில் எழுதியதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

வரிசை எண் 1. ஆறுமுகம் மகன் சங்கரலிங்கம், வயது நாற்பத்து இரண்டு. மனுவை எழுதியவன்.